பட்டனைச் சுற்றி ஒரு கோடு

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் கடைசியில் அந்தக் கேள்வி வந்துவிடும். "அங்க என்ன வேலை பாக்கறீங்க?" நார்வேக்கு வந்த புதிதில் நீளமாகப் பதில் சொல்வேன். கைபேசிச் செயலிகளுக்கு வடிவம் தருகிறேன், எது எங்கே இருக்கவேண்டும், எந்த நிறம், எந்த அளவு என்றெல்லாம். எதிர்ப்பக்கம் 'உம்' போட்டுக்கொண்டே இருக்கும். இப்போது சுருக்கிவிட்டேன். பட்டனைச் சுற்றிக் கோடு போடுகிறேன். "அதுக்கா சம்பளம் தர்றான்?" என்று சிரிப்பார்கள். தருகிறான். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தக் கோடு தேவைப்பட்டிருக்காது. உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், தொட்டால் திறக்கும். விரல் சொன்னபடி கேட்காதவர்களுக்கு வேறு வழி. திரையில் ஒரு வெளிச்சம் ஒவ்வொரு பட்டனாக நகர்ந்துகொண்டே போகும். தனக்கு வேண்டிய பட்டனுக்கு அது வந்ததும், அவர் தன்னால் முடிந்த ஏதோ ஓர் அசைவால், கன்னத்தாலோ முழங்காலாலோ, ஒரு சுவிட்சைத் தட்டுவார். பட்டன் திறக்கும். இப்போது எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டும் அந்த வெளிச்சத்துக்கு எங்கள் தொழிலில் ஃபோகஸ் என்று பெயர். பெரும்பாலும் அது ஒரு கோடுதான். அந்தக் கோடு தெரியாவிட்டால், தட்டுவது இருட்டில் கல்லெறிவது.

இந்தச் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் இங்ரித் அந்தக் கோட்டை எடுத்துவிட்டாள். புதிதாகச் சேர்ந்த பெண், கைவேலை சுத்தம். பேருந்துச் சீட்டு எடுக்கும் செயலி ஒன்றைச் சுவரில் காட்டி, "இந்தக் கோடு அசிங்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் நார்வேஜிய மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், வீட்டில் பேசும் தமிழைப்போல. தட்டுத்தடுமாறி என்னவோ சொல்லி, "என் தங்கை அங்கே நிற்கிறாள்" என்று முடித்தேன். அறையில் இருந்த எல்லோரும் மரியாதையாகத் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள்.

கதவில் யாரும் இல்லை. அவள் கொடைக்கானல் மலையில், அட்டுவம்பட்டியில் இருக்கிறாள்.

2

ஸ்டெல்லா என்னைவிட நாலு வயது இளையவள். நாங்கள் வளர்ந்த வீட்டிலேயே இருக்கிறாள். மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாள். ஒரு நாள் பலகையில் ஓர் ஆற்றை வரைந்துகொண்டிருந்தபோது விரலிலிருந்து சாக்பீஸ் நழுவி விழுந்தது. எடுத்து வரைந்தாள். மறுபடி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். மதுரை, சென்னை என்று அலைந்த பிறகு நரம்பு நோய் என்றார்கள். மெல்லத்தான் போகும் என்றார்கள். மெல்லத்தான் போனது, ஆனால் போனது எதுவும் திரும்பி வரவில்லை. முதலில் கைகள், பிறகு கால்கள். இப்போது கழுத்து திரும்பும். முகம் முழுக்க அவளுடையது, குறும்பு உட்பட. குரல் உண்டு, ஆனால் வாயில் ஒரு கூழாங்கல்லை ஒதுக்கிக்கொண்டு பேசுவதுபோல் குழறும். வீட்டு மனிதர்களுக்குப் புரியும்.

அவள் கட்டில் சன்னலை ஒட்டிக் கிடக்கிறது. பள்ளத்தாக்கு தெரியும் சன்னல். மேகம் இறங்கினால் முதலில் பள்ளத்தாக்கு போகும், பிறகு சில்வர் ஓக் மரங்கள், பிறகு எதிர்வீட்டுத் தகரக்கூரை, கடைசியில் சன்னல் கம்பி மட்டும் மிஞ்சும். குளிர் அடிக்கிறதே, உள்பக்கம் போடலாம் என்றால் கேட்கமாட்டாள். "பூகோளம் டீச்சர சொவரப் பாத்துப் படுக்கச் சொல்லுறியா?"

பகலில் பாண்டியம்மா பார்த்துக்கொள்கிறார். வில்பட்டிக்காரர், வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். இரவுக்குச் சித்தி மகள் வந்து படுத்துக்கொள்வாள். பாண்டியம்மாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் பூண்டுக் காடு இருக்கிறது. உரித்த பூண்டின் வாசனை அவர் சேலையை விட்டுப் போகாது. "பாண்டி படியேறும்போதே எனக்குப் பசிச்சிரும்ணே" என்பாள் ஸ்டெல்லா.

நான் பேசுவதென்றால் பாண்டியம்மாதான் கைபேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடிக்கவேண்டும். ஆகவே எங்கள் பேச்சு எப்போதும் மூன்று பேர் பேச்சு.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன்."

"எங்கண்ணே சாப்ட்டாக? ரெண்டு வாயி. மிச்சம் காக்காய்க்கி."

"பாண்டி, போட்டுக் குடுக்காத."

"குடுப்பேன். பெறகு எளச்சுப்போனா அண்ணே என்னையத்தான கேப்பாக?"

இப்படி. சிரிப்பாகத்தான் இருக்கும். வைத்த பிறகு யோசித்தால் நான் மருந்து, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் கேட்டு, பாண்டியம்மாவிடமிருந்து மூன்றுக்கும் பதில் வாங்கியிருப்பேன். என் தங்கையோடு பேசினேனா என்பது தெரியாது.

போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். இங்கே தங்குவதற்கான என் காகிதம் புதுப்பிக்கப் போயிருக்கிறது. அது கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி நுழைவதற்கு உத்தரவாதம் இல்லை என்று கடிதம் சொல்கிறது, மிகவும் பணிவான நார்வேஜிய மொழியில். ஒவ்வொரு முறையும் குடியேற்ற அலுவலகச் சன்னலில் வேறொரு முகம் என்னிடம் அன்பாகச் சிரித்து, காத்திருங்கள் என்கிறது. நான் இருக்கும் பெர்கனும் மலையூர்தான். மேகம் இங்கேயும் இறங்கும். கடல் உப்பு வாசனையோடு வரும். யூகலிப்டஸ் வாசனை இல்லாத மேகத்தை என் மூக்கு இன்னும் மேகமென்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் ஏமாந்து இழுத்துப் பார்க்கிறேன்.

3

போன ஆண்டு பேரிக்காய் பழுக்கும் சமயம். பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு, பாண்டியம்மா கைபேசியைத் தலையணையில் சாய்த்துவிட்டு ஓடினார். திரையில் ஸ்டெல்லாவின் ஒரு கண்ணும் சன்னலின் ஒரு மூலையும் மட்டும் தெரிந்தன.

"அண்ணே, வெரசா கேளு" என்றாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள். "எனக்கு யார்கூடயாச்சும் தனியாப் பேசணும்ணே."

"என்கூடயா?"

"யார்கூடயாச்சும். ஆரக் கூப்பிடணும்னு பாண்டிகிட்டச் சொல்லணும். சொல்லும்போதே பாதி போயிருது. அப்பறம் அவ போனப் பிடிச்சிக்கிட்டு நிக்கா, நல்லவதான், ஆனா நிக்கால்ல. நான் ஒருத்தர்கூடத் தனியாப் பேசி ரெண்டு வருசம் ஆச்சு. நீதான பட்டன் பண்ணுற ஆளு. எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு."

பாண்டியம்மா திரும்பி வந்துவிட்டார். "என்ன டீச்சர், ரகசியமா?"

"ஒன்னைய எங்க அண்ணனுக்குத் தெரிஞ்ச வெள்ளைக்காரனுக்குக் கட்டி வைக்கலாமான்னு பேசுறோம்."

"ஏற்கெனவே ஒருத்தனக் கட்டி நான் பட்டது போதும். அவன் நல்லா இருக்கட்டும்."

அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒற்றைக் கண் என்கூட வந்தது. நான் அதுவரை நினைத்துப் பார்க்காத ஒன்று. உடம்பை ஒருவர் துடைக்க, ஒருவர் ஊட்ட, ஒருவர் புரட்டிப் போட ஒப்புக்கொடுத்தவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே தனி இடம் பேச்சு. அதற்கும் ஆள் நின்றது.

முதலில் சுலபமான வழிகளைத்தான் பார்த்தோம். கைபேசிக்குள் இருக்கும் அம்மாளிடம் வாயால் சொன்னால் அவளே கூப்பிடுவாள் அல்லவா? ஸ்டெல்லா நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். அம்மாள் ஒரு முறை ஹைதராபாத்தில் மழை பெய்யுமா என்று சொன்னாள், ஒரு முறை பக்திப் பாட்டு போட்டாள். "அந்தம்மாவுக்கு என் தமிழ் ஏறலண்ணே. பெரிய எடத்துப் பிள்ளை போல." பிறகு, வரும் அழைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம் என்றேன். முறைத்தாள். "எவன் கூப்பிட்டாலும் அது பாட்டுக்கு எடுத்துக்கும், நான் படுத்தபடி கேட்டுக்கிட்டுக் கெடக்கணும். நான் என்ன ரேடியோவா?"

கைபேசியிலேயே ஒரு வசதி இருக்கிறது. வெளிச்சம் தானாக நகரும், சுவிட்சால் தட்டலாம். அதையும் திறந்து பார்த்தோம். அழைப்புச் செயலிக்குள் அந்த வெளிச்சம் மூலை முடுக்கெல்லாம் நுழைந்து, விளம்பரத்தில் நின்று, தேடல் கட்டத்தில் நின்று, ஒரு பெயருக்கு வந்து சேர்வதற்குள் அவள் கழுத்து வலித்துப்போகும். அந்தக் கோடும் மெல்லிசு. சன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் காணாமல் போய்விடும்.

சரி, நாமே ஒன்று செய்வோம் என்று இறங்கினேன்.

4

நான் வரைவேன், ஓடவைக்கத் தெரியாது. அதற்குத் தவராசா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதிலேயே இங்கு வந்தவர், என் அலுவலகத்தில் நிரல் எழுதுகிறார். விசயத்தைச் சொன்னதும் "சனிக்கிழமையில செய்வம் அண்ணை" என்றார். கன்னத்தால் தட்டும் வட்டச் சுவிட்ச் ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்பினேன். அது சுங்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இது என்ன பொருள் என்று கேட்டார்கள். சுவிட்ச் என்று எழுதினேன். எதைப் போடுவதற்கான சுவிட்ச் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. பதில் எழுதி, மறுபடி எழுதி, கடைசியில் மழைக்காலம் தொடங்கியபோது அது அட்டுவம்பட்டிக்கு வந்து சேர்ந்தது. எங்கள் சித்தி மகள் தலையணைக்குப் பக்கத்தில் அதைக் கட்டி நிறுத்தினாள். கைபேசிக்கு ஒரு வளைகம்பித் தாங்கி.

கோட்டுக்கு நான் தேர்ந்தெடுத்த நிறம் மஞ்சள்.

யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். மேகம் இறங்கும் மாதங்கள் தொடங்குமுன் முகப்பு விளக்குகளின் மேல் மஞ்சள் கண்ணாடிக்காகிதம் வெட்டி ஒட்டுவார். மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான். காலையில் நானும் ஸ்டெல்லாவும் ரோட்டோரம் காத்திருப்போம். எதிரே ஒன்றுமே இருக்காது. பால் வெள்ளை. நாம் எங்கே நிற்கிறோம் என்பதே சந்தேகமாக இருக்கும். வெறும் விளக்கோடு வரும் வண்டிகள் அந்த வெள்ளைக்குள்ளேயே கரைந்து, மிக அருகில் வந்துதான் வண்டியாகும். அப்பாவின் வேன் மட்டும் வளைவு திரும்பும்போதே இரண்டு மஞ்சள் வட்டமாகத் தெரியும். "அப்பா!" என்று அவள் கத்துவாள். ஆக, வெள்ளையில் எடுப்பாகத் தெரியும் நிறம் மஞ்சள். இது என் எலும்பில் எழுதியிருந்தது. இத்தனை வருடப் படிப்பும் தொழிலும் அந்த எலும்பைத் தாண்டி உள்ளே போகவில்லை.

வெள்ளைத் திரை, ஆறு பெரிய பட்டன், நகரும் மஞ்சள் கோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாவின் கைபேசியில் காணொளி அழைப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், பெருமையாக.

"அண்ணே, ஒண்ணும் நகரலையே."

"நகருதும்மா. நல்லாப் பாரு."

"வெள்ளையா இருக்கு."

பாண்டியம்மா குனிந்து பார்த்தார். "கிட்டக்கப் போனா என்னமோ தெரியுதுண்ணே. காயிதத்துல எண்ணெ பட்ட மாதிரி."

தவராசாவுக்கு அனுப்பிக் கேட்டேன். "அண்ணை, எனக்கே கோடு எங்கை நிக்குதெண்டு தெரியேல்லை. மஞ்சளை ஏன் போட்டனீங்கள்?" வேன் கதையைச் சொன்னேன். மனிதர் ரொம்ப நேரம் சிரித்தார். மேகம் தனக்கென்று வெளிச்சம் இல்லாத வெள்ளை. அதற்குள் விளக்கு வந்தால் விளக்கு தெரியும். திரையோ தானே விளக்கு. அதன் வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் எல்லா நிறங்களையும்விட முதலில் மூழ்குவது மஞ்சள்தான். முதல் வருட மாணவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கொடைக்கானலில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஸ்டெல்லாவிடம் காரணத்தைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. சன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பினாள். "நல்ல நெனப்புதாண்ணே. ஆனா எனக்குத் தெரியல" என்றாள்.

5

கறுப்புக்கு மாறினோம். தடித்த கறுப்புக் கோடு. கோட்டுக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு மூச்சளவு இடைவெளி விட்டேன். ஒட்டிப் போட்டால் கோடு பட்டனின் கரையைப்போல் ஆகிவிடும், வந்து நிற்கும் விருந்தாளியாகத் தெரியாது. கோட்டுக்கு வெளியே ஒரு வெள்ளை வரி, பட்டனில் யாருடைய புகைப்படம் இருந்தாலும் இரண்டில் ஒன்று தெரியட்டும் என்று. அது போதாமல், கோடு வந்த பட்டன் கொஞ்சம் பெருத்து முன்னால் வரும்படி செய்தேன். கண் அசந்தாலும் அசைவு தட்டும்.

இந்த முறை தெரிந்தது. "வருது வருது... நீதாண்ணே வர்ற" என்று கத்தினாள். கன்னத்தைத் திருப்பித் தட்டினாள். என் கைபேசி அடிக்கவில்லை. காணொளியில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"ஹலோ... யாருங்க? ஹலோ! சிலிண்டர் வேணுமா?"

எனக்கு அடுத்த பட்டன் கேஸ் ஏஜென்சி. அவள் தட்டுவதற்குள் கோடு நகர்ந்துவிட்டது. அழைப்பை முடிக்கும் பட்டனுக்குக் கோடு போய்ச் சேரும்வரை அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாண்டியம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெரசாப் போகுதுண்ணே ஒன் கோடு. ஊரு விட்டு ஊரு போன ஆளு வரைஞ்சதுல்ல, நிக்கமாட்டேங்குது."

வேகத்தைக் குறைத்தோம். தட்டியதும் கோடு நின்று, பட்டன் முழுக்கக் கறுத்து, ஒரு கணம் காத்திருக்கும்படி வைத்தோம். வந்து நிற்பது வேறு, அமுக்கப்படுவது வேறு. இரண்டுக்கும் ஒரே முகம் இருக்கக்கூடாது. தப்பென்றால் அந்தக் கணத்துக்குள் மறுபடி தட்டி விலகிக்கொள்ளலாம். கேஸ்காரர் தப்பினார்.

சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆறு பட்டனை நான்தான் தேர்ந்திருந்தேன். நான், சித்தி மகள், டாக்டர், கோயில் ஃபாதர், கேஸ், நாயுடுபுரத்தில் இருக்கும் மருந்துக்கடை.

"அண்ணே, என் போன்ல இருக்கிற எல்லாப் பேரும் வேணும்."

"எல்லாம் எதுக்கும்மா? பேரு கூடக்கூடக் கோடு சுத்தி வர நேரமாகும். ஒனக்குத்தான் கழுத்து வலிக்கும். அவசரத்துக்கு இந்த ஆறு போதும்."

"நான் அவசரத்துக்கா கேட்டேன்?"

"யார வேணும்னு சொல்லு, ஏழாவதாச் சேத்துர்றேன்."

"நீ ஆறு பேரத் தேர்ந்தெடுத்துக் குடுத்தா அது ஒன் போனு. நான் ஒருத்தரச் சொல்லி நீ சேத்தாலும் ஒன் போனுதான். பாண்டி எடத்துல நீ வந்து நிக்க. அம்புட்டுத்தான்."

பாண்டியம்மா கைபேசியைப் பிடித்தபடியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. "ஏன் டீச்சர், நான் நிக்கிறது ஒங்களுக்கு அம்புட்டுச் சங்கடமா?" என்றார். குரலில் விளையாட்டு இல்லை.

ஸ்டெல்லாவால் கையை நீட்டி அவர் கையைப் பிடிக்க முடியாது. "பாண்டி" என்றாள். "நீ இல்லாட்டி நான் கெடையாது. ஆனா நீ ஒன் வீட்டுக்காரர்ட்டப் பேசும்போது நான் பக்கத்துல நின்னா ஒனக்கு எப்டி இருக்கும்?"

பாண்டியம்மா யோசித்தார். "நின்னாத் தேவலாம் டீச்சர். கொஞ்சம் மரியாதையாப் பேசுவாரு" என்றார். அந்த வீட்டில் மூன்றாவது ஆள் இல்லாத சண்டை எப்போது நடந்திருக்கிறது? நான் வைத்துவிட்டேன். எனக்குக் கோபம்தான். இத்தனை தூரத்திலிருந்து இத்தனை சனிக்கிழமைகளை உருக்கி ஊற்றி, என் பெயரை முதல் பட்டனில் வைத்துக் கொடுத்தால்...

6

என் மகள் எஸ்தருக்குப் பதினாறு. நான் தமிழில் கேட்பேன், அவள் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். இரண்டு கரையிலிருந்து கூப்பிட்டுக்கொள்வதுபோல. முன்பு இடையில் ஓடிய தண்ணீர் கணுக்கால் அளவு இருந்தது. இப்போது அவள் சிரிப்பதற்கான காரணங்களில் பாதி எனக்கு எட்டுவதில்லை. அத்தையிடம் பேசு என்றால் "ஹாய் அத்தை, லவ் யூ அத்தை" என்று கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஸ்டெல்லா கோபித்துக்கொள்வதில்லை. "அவ வயசுல நீ எங்க நின்ன?" என்று என்னைத்தான் கேட்பாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பொருமிக்கொண்டிருந்தேன். எல்லாப் பெயரும் வேண்டுமாம், யாரென்று சொல்லமாட்டாளாம், நாற்பது வயதுக்கு மேல் பிடிவாதத்தைப் பார் என்று. எஸ்தர் தட்டிலிருந்து நிமிராமல் நார்வேஜிய மொழியில் கேட்டாள்:

"அப்பா, அத்தையின் போனுக்குக் கடவுச்சொல் இருக்கிறதா?"

"எதுக்கு? அவளால எப்படி அடிக்க முடியும்? யாரும் எடுத்துக் குடுக்கலாம்னு தொறந்துதான் வச்சிருக்கோம்."

நிமிர்ந்து பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டில் என்னவோ விழுந்துவிட்டதைப்போல ஒரு முகம். "எல்லோரும் பார்க்கலாமா? எல்லாவற்றையும்?" என்றாள். பிறகு, எனக்குப் புரியாமல் போய்விடக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, தமிழில், முறிந்த தமிழில், "பாவம் அத்தை" என்றாள்.

ஸ்டெல்லாவை நோய்வாய்ப்பட்டவள் என்று எல்லோரும் பாவம் சொல்லியிருக்கிறார்கள். இதற்காக யாரும் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை தவராசாவும் நானும் உட்கார்ந்தோம். எல்லாப் பெயர்களும். முதலில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிரும். வரிசையில் தட்டினால் எழுத்து, எழுத்தில் தட்டினால் பெயர்கள். கோட்டை மறுபடி வரைந்தேன். வரிசையைச் சுற்றி ஒரு கோடு, எழுத்தைச் சுற்றி ஒரு கோடு, பெயரைச் சுற்றி ஒன்று. மூன்றும் ஒரே குடும்பம் என்று தெரியவேண்டும், ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிடவும் கூடாது. திறப்பதற்குக் கடவுச்சொல்லும் வைத்தோம், கன்னத் தட்டலின் தாளத்தில். அந்தத் தாளத்தை அவளே வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

"பேருப் பட்டியல் நம்மகிட்ட வருமா?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. அது அக்காவின்ர போனிலயே கிடக்கும். யாருக்கு எடுத்தவ எண்டதும் எங்களுக்குத் தெரியவராது." என் முகத்தைப் பார்த்தார். "வரோணுமெண்டா சொல்லுங்கோ" என்றார், குரலில் ஒரு சின்ன ஊசியோடு.

வேண்டாம் என்றேன். சொல்வதற்குக் கொஞ்சம் தாமதமானது.

7

போன ஞாயிறு. எனக்குக் காலை, அவர்களுக்கு மதியம் தாண்டிய நேரம். முந்தின நாள் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டோம். "நாளைக்கு நானே கூப்பிடுறேன். நீ சும்மா இரு" என்று சொல்லியிருந்தாள்.

சும்மா இருந்தேன். காப்பி போட்டேன். சன்னலோரம் கைபேசியை நிமிர்த்தி வைத்தேன். சட்டை மாற்றிக்கொண்டேன், எதற்கென்று தெரியவில்லை. அவள் கன்னத்தைத் திருப்புவதும், கோடு வரிசையில் இறங்குவதும், எழுத்தில் நிற்பதும், பெயரில் நிற்பதும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அழைப்பு இல்லை. என்ன கோளாறோ என்று நானே கூப்பிட்டேன். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. காத்திருந்து மறுபடி கூப்பிட்டேன். அதே பதில். கேஸ்காரரா? சிரித்துக்கொண்டேன். மூன்றாவது முறை கை தானாகப் போனபோது பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

காப்பி ஆறிப்போனது. அப்போது என் கைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். பாண்டியம்மா, அவருடைய கைபேசியிலிருந்து.

"அண்ணே, டீச்சர்ட்டப் பேசி முடிச்சிட்டீங்களா?"

"நான் பேசவே இல்லையே."

"கதவச் சாத்திட்டு வெளிய இரு பாண்டின்னாங்க. ஒங்ககூடத்தான் பேசுறாங்கன்னு நானும் வந்துட்டேன். ரொம்ப நேரமாச்சே, கஞ்சி ஆறுதேன்னுதான் ஒங்களக் கூப்பிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப உள்ள ஆருகூட அண்ணே இப்டிச் சிரிக்காங்க?"

"சிரிக்கிறாளா?"

"சிரிக்காங்க. கேளுங்க, போனக் கதவுகிட்ட வைக்கேன்."

செருப்பில்லாத பாதம் சிமெண்டுத் தரையில் நடக்கும் ஓசை வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். சாக்பீஸ் நழுவுவதற்கு முந்தைய சிரிப்பு. அதைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைவில்லை. ஒரு விநாடி பொறுத்தால் போதும். தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், என்னவோ எழும்பிக் கிளம்புவதுபோல் இருந்தது.

"வேணாம் பாண்டியம்மா" என்றேன். "எடுத்துருங்க. கொஞ்சம் தள்ளி வந்துருங்க."

"கேக்க வேணாமா?"

"வேணாம்."

அவர் நடந்தார். ஒரு கதவு, பிறகு வெளிவாசல், பிறகு திறந்த வெளியின் சத்தம். எங்கோ ஒரு கோழி. வாசல்படியில் உட்கார்ந்திருக்கவேண்டும். இங்கே நான் சன்னலோரம். இருவருக்கும் வைக்கத் தோன்றவில்லை. நானும் அவரும் ஒரே கதவுக்கு வெளியே, ஒருவர் பத்தடி தள்ளி, ஒருவர் கடல்களைத் தாண்டி. வீட்டை விட்டு வந்ததிலிருந்து நான் அந்த வீட்டு வாசலில் இத்தனை நெருக்கமாக உட்கார்ந்ததில்லை.

"கஞ்சி?" என்று கடைசியில் கேட்டேன்.

"சூடு பண்ணிக்கிரலாம்ணே" என்றார் பாண்டியம்மா. "பேசட்டும்."